பயந்தால் விசுவாசம் குறைந்துவிட்டதா?

புதுச்சேரியில் மனநல ஆலோசகராகப் பணிபுரியும் என்னிடம் வரும் கிறிஸ்தவக் குடும்பங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்று, பயமாக இருக்கிறது என்று வெளியில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது என்பதுதான். சாராயக்கடையில் தொடங்கும் தகராறு வீட்டு வாசல்வரை வருகிற தெருக்களிலும், கஞ்சாப் பொட்டலம் பள்ளி மாணவன் கைக்கு எளிதாக வந்துசேரும் குடியிருப்புகளிலும், ஒரு கொலைக்குப் பழிக்குப்பழி எப்போது நடக்குமோ என்று பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திக்கொள்ளும் வீடுகளிலும் வாழ்கிறவர்கள் அவர்கள்.

தெருவில் நடந்த வெட்டுக்குத்தைக் கண்ணால் பார்த்த ஒரு தாய், அதன்பிறகு நள்ளிரவில் பைக் சத்தம் கேட்டாலே எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, செபமாலையை எடுத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். எட்டு வயது மகன் மறுபடியும் படுக்கையை நனைக்கத் தொடங்கியிருந்தான். "மாதாகிட்ட ஒப்புக்கொடுத்துட்டா பயம் ஏம்மா வருது? உனக்கு விசுவாசம் பத்தல" என்று செபக்கூட்டத்தில் ஒருவர் சொன்னதற்குப் பின், அந்தத் தாய் யாரிடமும் எதுவும் பேசவில்லை. அந்த மௌனம்தான் அவரை அதிகம் வதைத்தது.

வன்முறையைப் பார்த்த மூளை, ஆபத்து முடிந்த பிறகும் சில காலம் உடலை விழிப்பிலேயே வைத்திருக்கிறது. நெஞ்சு படபடப்பதும் தூக்கம் கலைவதும் அதனால்தான். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் இது தானாகத் தணியும். ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவு, சம்பவம் கண்முன் மீண்டும் மீண்டும் வருவது, அந்த இடத்தைத் தவிர்ப்பது ஆகியவை நீடித்தால் சிகிச்சை தேவை. சிகிச்சையால் குணமும் கிடைக்கும். பிள்ளைகள் தங்கள் பயத்தைச் சொல்வது அரிது. காரணமில்லாத வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுப்பது, பார்த்த சண்டையையே விளையாட்டாகத் திரும்ப நடித்துக்காட்டுவது ஆகியவற்றைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் விசுவாசத்தை அளக்கும் கருவி ஆகாது. பதின்மூன்றாம் திருப்பாடல் "எவ்வளவு காலம்?" என்ற முறையீட்டோடுதான் தொடங்குகிறது, எண்பத்தெட்டாம் திருப்பாடல் ஆறுதல் ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. கைதாவதற்கு முன் கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே தம் துயரத்தை வாய்விட்டுச் சொல்லி, தம்மோடு விழித்திருக்கும்படி சீடர்களைக் கேட்டார். அவர் கேட்ட துணையை நம் தெருவில் ஒருவர் கேட்கும்போது குறை சொல்லி அனுப்புவது எந்த வகையிலும் நியாயமில்லை.

நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது எரேமியா நூலின் 32ஆம் அதிகாரத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருக்க, காவல்கூடத்தில் அடைபட்டிருந்த இறைவாக்கினர் எரேமியா தம் ஊரான அனத்தோத்தில் ஒரு நிலத்தை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகள் கையொப்பமிட்ட பத்திரம், நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கப்பட்டது. நகரம் விழப்போகிறது என்பதை அவர் மறைக்கவில்லை. தெரிந்தேதான், அந்த மண்ணில் மக்கள் மீண்டும் நிலம் வாங்கி வாழ்வார்கள் என்ற நம்பிக்கையில், சாட்சிகளை வைத்து, பணத்தை எடைபோட்டுக் கொடுத்தார். நம் நம்பிக்கையும் இப்படிக் கைவேலையாக இறங்கிவர வேண்டும். புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டப் பங்குகளில் வீடுவீடாகக் கூடும் அன்பியங்கள், அதாவது அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு செபக் குழுக்கள், இதற்கு ஏற்ற இடம். செபத்துக்கு முன் சிறிது நேரம், அறிவுரை கூறாமல், அந்த வாரத்தின் பயத்தைக் கேட்கலாம். டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளை முறைவைத்து அழைத்து வரலாம். காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகத் தயங்குகிறவரோடு நான்கு பேர் சேர்ந்து போகலாம்.

அதே தெருவில் தங்கியிருப்பதுதான் விசுவாசம் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஏரோதின் வாளுக்குத் தப்ப யோசேப்பு குழந்தை இயேசுவையும் தாய் மரியாவையும் அழைத்துக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குப் புறப்பட்டார். ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தால், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அடிக்கும் கணவரை வீட்டைவிட்டு வெளியேற்றவும் நீதிமன்றம் உத்தரவிட முடியும். உதவிக்கு அழைக்க வேண்டிய எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, உடனடி ஆபத்தில் 112. மனநல உதவிக்கு டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் இரவிலும் தமிழிலேயே பேசலாம். இந்த எண்களைப் பங்குத்தந்தையர் ஞாயிறு திருப்பலி அறிவிப்பில் வாசித்து, கோவில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவைத்தால், கேட்க வெட்கப்படுகிறவர்களுக்கும் அவை போய்ச் சேரும்.