சதுர அடைப்புக்குறி ஒரு கட்டளை: ஷெல் ஸ்கிரிப்டில் சோதனைகள் நடக்கும் விதம்

ஷெல் என்பது நாம் தட்டச்சிடும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்; அத்தகைய கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பே ஷெல் ஸ்கிரிப்ட். அதில் நிபந்தனையைத் தொடங்கும் 'இஃப்' என்ற சொல்லுக்குப் பின் வரும் சதுர அடைப்புக்குறியைப் பலரும் மொழியின் இலக்கணக் குறி என்றே எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒரு கட்டளையின் பெயர். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில், நிரல்கள் இருக்கும் அடைவில் '[' என்ற ஒற்றைக் குறியையே பெயராகக் கொண்ட ஒரு கோப்பைக் காணலாம், வேகத்துக்காகப் பாஷ் போன்ற ஷெல்கள் அதே வேலையைத் தமக்குள்ளேயும் வைத்திருக்கின்றன. ஒரு நிபந்தனை உண்மையா என்று சோதிக்கும் 'டெஸ்ட்' கட்டளையின் இன்னொரு பெயர்தான் அது. முடிவில் வரும் ']' அந்தக் கட்டளையிடம் தரப்படும் கடைசிச் சொல், அவ்வளவே. அடைப்புக்குறிகளை ஒட்டி இடைவெளி விட்டே ஆக வேண்டும் என்ற விதியும் இதிலிருந்தே பிறக்கிறது: ஷெல்லில் கட்டளையையும் அதற்குரிய சொற்களையும் பிரித்துக் காட்டுவது இடைவெளிதான்.

'இஃப்' எதையும் தானாக ஆராய்வதில்லை. தரப்பட்ட கட்டளையை ஓட்டி, அது விட்டுச் செல்லும் முடிவு எண்ணை மட்டும் பார்க்கிறது. 0 என்றால் உண்மை, 1 என்றால் பொய், அதற்கு மேற்பட்ட எண் என்றால் சோதனையே சரியாக நடக்கவில்லை என்று பொருள். ஆனால் 'இஃப்' 1-க்கும் 2-க்கும் வேறுபாடு பார்க்காது. பிழையையும் பொய் என்றே எடுத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் மேலே நகர்ந்துவிடும். இந்த நடத்தை மிகவும் கவனத்துக்குரியது என்பது என் கருத்து.

கோப்பைப் பற்றிக் கேட்கும்போது, இந்தக் கட்டளை கோப்பின் உள்ளடக்கத்தைத் திறந்து படிப்பதில்லை. 'ஸ்டாட்' என்ற அழைப்பின் வழியே, இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் கேட்டு, கோப்பைப் பற்றிய விவரப் பதிவான ஐநோடில் உள்ள வகை, அளவு, உரிமைகள், மாற்றப்பட்ட நேரம் ஆகியவற்றைப் பெறுகிறது. '-இ' என்பது அந்தப் பெயரில் ஏதேனும் இருக்கிறதா என்றும், '-எஃப்' அது சாதாரணக் கோப்பா என்றும், '-டி' அது அடைவா என்றும், '-எஸ்' அதன் அளவு பூஜ்யத்தைவிடப் பெரியதா என்றும் சொல்லும். எழுதியதையெல்லாம் விழுங்கிவிடும் 'நல்' என்ற சாதனக் கோப்புக்கு '-இ' உண்மை என்றும் '-எஃப்' பொய் என்றும் விடை வருவது, அது சாதாரணக் கோப்பு வகையைச் சேராததால்தான். வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பான சிம்லிங்க் இருந்தால் இச்சோதனைகள் அது சுட்டும் இடத்துக்குச் சென்றே விடை சொல்லும். ஆகவே இலக்கு அழிக்கப்பட்ட சிம்லிங்க், கண்ணெதிரே பட்டியலில் தெரிந்தாலும், '-இ' சோதனையில் பொய் என்றே வரும். இணைப்பையே சோதிக்கப் பெரிய எழுத்து '-எல்' தேவை. படிக்க, எழுத, இயக்க முடியுமா என்று கேட்பவை, ஸ்கிரிப்டை ஓட்டுபவர் யார் என்பதையும் பொறுத்தவை: எந்த உரிமையும் தரப்படாத கோப்பைக்கூட கணினியின் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனர் பொதுவாகப் படிக்க முடியும் என்பதால் அவருக்கு விடை உண்மை என்று வரும்.

மதிப்புகளை ஒப்பிடும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. கட்டளைக்குப் போய்ச் சேர்பவை எல்லாம் வெறும் எழுத்துச்சரங்கள்; அவற்றை எண்ணாகப் பார்ப்பதா, எழுத்தாகப் பார்ப்பதா என்பதை நடுவில் உள்ள குறியே முடிவு செய்கிறது. [ 07 = 7 ] பொய்; சமக்குறிக்குப் பதில், எண்ணாக ஒப்பிடும் '-ஈக்யூ' இட்டால் உண்மை. இன்னும் விபரீதமானது [ 10 > 9 ] என்ற வரி. ஷெல்லைப் பொறுத்தவரை '>' என்பது வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் குறி. ஆகவே '9' என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு உருவாகும். அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் அதன் உள்ளடக்கம் அழியும். கட்டளையிடம் எஞ்சுவது '10' என்ற ஒரே சொல். ஒரே சொல் வந்தால், அது வெற்றாக இல்லாதவரை உண்மை என்பது, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையின் விதி. [ 9 > 10 ] என்று எழுதினாலும் உண்மை என்றே வரும்.

மேற்கோள் குறி இல்லாத மாறிகளையும் அதே விதிதான் கவிழ்க்கிறது. '-எஃப்' என்பதை அடுத்து ஒரு மாறியை மேற்கோள் இன்றி எழுதுகிறோம், அந்த மாறியில் எதுவுமே இல்லை என்று கொள்வோம். ஷெல் அந்த இடத்தை அப்படியே நீக்கிவிடும். கட்டளைக்கு [ -எஃப் ] மட்டுமே போகும். இப்போது '-எஃப்' என்பது கேள்வியாக இல்லாமல் வெற்றல்லாத ஒரு சொல்லாகிவிடுகிறது, விடையும் உண்மை என்று வருகிறது. இல்லாத கோப்பை இருப்பதாக நம்பி ஸ்கிரிப்ட் தொடரும், பிழைச் செய்தி ஒன்றுகூட வராது. மாறியை இரட்டை மேற்கோளுக்குள் இட்டால், வெற்றுச் சரமும் ஒரு சொல்லாகவே போய்ச் சேரும், விடை சரியாக இருக்கும்.

கார்ன் ஷெல்லில் தோன்றிப் பின் பாஷும் ஏற்றுக்கொண்ட இரட்டை அடைப்புக்குறி உண்மையிலேயே மொழியின் இலக்கணம் என்பதால், அதனுள் மாறிகள் பல சொற்களாகச் சிதறுவதில்லை, '>' கோப்பை உருவாக்குவதில்லை. ஆயினும் [[ 10 > 9 ]] பொய்தான், ஏனெனில் அங்கே நடப்பது எழுத்து ஒப்பீடு. பாஷில் '-ஈக்யூ' கொண்டு 08 என்ற மாத எண்ணை அதனுள் ஒப்பிட்டால் பிழை வரும்: முன்னால் பூஜ்யம் வந்தால், எட்டை அடியாகக் கொண்ட எண்ம முறை என்று கொள்ளப்படும், எண்ம முறையில் 8 என்ற இலக்கம் இல்லை. ஒற்றை அடைப்புக்குறியில் இதே ஒப்பீடு தடையின்றி நடக்கும்.

எவ்வளவு கவனமாக எழுதினாலும், சோதனை சொல்வது அது நடந்த கணத்தின் நிலையை மட்டுமே. கோப்பு இல்லை என்று விடை வந்ததற்கும் அடுத்த வரி அதை உருவாக்குவதற்கும் இடையில், வேறொரு நிரல் அதே பெயரில் கோப்பை வைத்துவிடலாம். ஒரே நேரத்தில் ஒரு பிரதி மட்டுமே ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகளில் இதனால்தான் முன்சோதனையை விட்டுவிட்டு, நேரடியாக 'எம்கேடிர்' கட்டளையால் ஓர் அடைவை உருவாக்க முயல்கிறார்கள்: இருக்கிறதா என்று பார்ப்பதையும் உருவாக்குவதையும் கர்னல் ஒரே செயலாக முடிப்பதால், இரண்டு பிரதிகள் ஒன்றாக முயன்றாலும் ஒன்றுக்கு மட்டுமே 0 கிடைக்கும்.