கேஷ்: பதுக்கலா, கையிருப்பா?

அம்மா வாசலில் போடும் கோலங்களைப் படமெடுத்துச் சேர்த்து வைக்கவென்று நான் நடத்திவரும் சிறு இணையதளத்தில், தலைப்புப் பட்டையின் நிறத்தை ஒருநாள் நீலத்திலிருந்து அரக்குக்கு மாற்றினேன். பக்கத்தின் நிறத்தையும் தோற்றத்தையும் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். கோப்பைத் திருத்தி, தளத்தின் கோப்புகள் இருக்கும் வழங்கியில் (சர்வர்) ஏற்றிய பிறகும் என் கணினியில் பட்டை நீலமாகவே நின்றது. அரைப்புள்ளி ஏதேனும் விடுபட்டதோ, தவறான கோப்புறையில் ஏற்றிவிட்டேனோ என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு அதே கோப்பை மூன்று முறை ஏற்றினேன். அதுவரை அந்தத் தளத்தின் பக்கமே வந்திராத அக்கா, தன் கைபேசியில் திறந்து பார்த்து, "அரக்கு நல்லாத்தானே இருக்கு" என்று சொன்ன பிறகே கோப்பில் குற்றமில்லை என்பது விளங்கியது. குற்றம் 'கேஷ்' என்பதில், அதாவது முன்பு பெற்ற கோப்பின் நகலை என் உலாவி (பிரௌசர்) சேர்த்து வைத்திருந்த இடத்தில், இருந்தது.

பொழுதுபோக்காகத் தளம் கட்டுபவர் எவரும் முதல் மாதத்திலேயே "கேஷை கிளியர் பண்ணிப் பாருங்கள்" என்ற அறிவுரையைக் கேட்டுவிடுவார். கேட்பவர் பலருக்கு அது பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்றே காதில் விழுகிறது. ஒலிப்பில் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் வேறுபாடு கிடையாது. எழுத்துக்கூட்டி வாசிப்பவர்கள் 'கேச்' என்றும் சொல்கிறார்கள்.

கணினிக்குரிய கேஷின் தாய்மொழி பிரெஞ்சு. ஒளித்துவைத்தல் என்னும் பொருளுடைய 'கஷே' என்ற வினையிலிருந்து அது பிறந்தது. வட அமெரிக்கக் காடுகளில் மென்மயிர்த் தோலுக்காக விலங்கு பிடித்துத் திரிந்த பிரெஞ்சுக் கனடியர்கள், சுமக்க முடியாத உணவையும் தோல்களையும் வழியிலேயே குழிதோண்டிப் புதைத்து, திரும்பும்போது எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழிக்குக் கேஷ் என்று பெயர். 1805இல் மிசௌரி ஆற்றை எதிர்த்து மேற்கே சென்ற அமெரிக்க ஆய்வுப் பயணிகளான லூயிஸ், கிளார்க் குழுவினரும் இத்தகைய குழிகளைத் தோண்டினார்கள். புல்தரையை வட்டமாக வெட்டி எடுத்து, குறுகிய வாயும் அகன்ற அடியுமாகக் குடைந்து, தோண்டிய மண் கண்ணில் படாதபடி ஆற்றில் கொட்டி, பொருளை வைத்தபின் புல்லை மீண்டும் மேலே பதித்து மூடும் முறையில் தேர்ந்திருந்த குருசாட் என்ற படகோட்டி அவ்வேலையை முன்னின்று செய்வித்தார். மறு ஆண்டு திரும்பிவந்து பெருநீர்வீழ்ச்சிக்கு மேலிருந்த குழியைத் திறந்த லூயிஸ், உள்ளே ஆற்றுநீர் புகுந்து, தாம் சேகரித்து வைத்த தாவர மாதிரிகள் முழுவதும் அழிந்திருக்கக் கண்டார். வைத்தது வைத்தபடியே இருக்கும் என்று நம்பமுடியாத சிக்கல், இந்தச் சொல்லோடு அப்போதே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

கணினித் துறைக்குள் சொல் நுழைந்த கதை சுருக்கமானது. மெதுவான பெரிய நினைவகத்துக்கு முன்னால் வேகமான சிறிய நினைவகம் ஒன்றை வைத்து, அடிக்கடி தேவைப்படுவதை அதில் படியெடுத்து வைக்கலாம் என்ற கருத்தை 1965இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் ஒரு கட்டுரையில் முன்வைத்தபோது, அதை 'அடிமை நினைவகம்' என்றார். ஐ.பி.எம். நிறுவனம் தன் சிஸ்டம் 360 கணினி வரிசையின் 85ஆம் மாதிரியில் அத்தகைய நினைவகத்தை அமைத்தது. அதன் பொறியாளர்கள் எழுதிய கட்டுரை 'அதிவேக இடையகம்' (ஹை-ஸ்பீட் பஃபர்) என்ற பெயரைப் பயன்படுத்தியிருந்தது. அந்நிறுவன ஆய்விதழின் ஆசிரியர் லைல் ஜான்சனுக்கு அப்பெயர் நிறைவளிக்கவில்லை. இன்னும் தெளிவான சொல் தருமாறு கேட்டும் எதுவும் வராததால், 1967இல் அவரே கேஷ் என்பதை முன்மொழிந்தார். கட்டுரை 1968இல் அச்சேறியபோது சொல்லும் நிலைபெற்றது.

உலாவியில் நடப்பதும் இதே ஏற்பாடுதான். தொலைவிலுள்ள வழங்கியிலிருந்து ஒருமுறை பெற்ற கோப்பின் நகலை உலாவி கணினியிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த முறை வழங்கியிடம் போகாமல் அதையே காட்டுகிறது. பரணிலுள்ள மூட்டையை ஒவ்வொரு தாளிப்புக்கும் இறக்காமல், கடுகையும் சீரகத்தையும் அஞ்சறைப் பெட்டியில் கொஞ்சம் போட்டு அடுப்பருகே வைப்பதற்கு இது நிகரானது. வேறுபாடு ஒன்றுண்டு: பெட்டியிலுள்ள கடுகு மூட்டையிலிருந்து பிரிந்து வந்தது, உலாவியிலுள்ள கோப்போ வெறும் நகல், மூலம் மாறிவிட்டால் நகலுக்குத் தெரியாது. எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று வழங்கி சொல்லாதபோது, கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்டு எத்தனை நாளாயிற்று என்று பார்த்து, அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காலத்துக்கு அதைப் புதியதாகவே உலாவிகள் கருதிக்கொள்கின்றன. என் கோப்பு சுமார் 200 நாள் தொடப்படாமல் கிடந்தது. ஆகவே 20 நாள்வரை பழைய நீலத்தையே காட்டும் உரிமை என் உலாவிக்கு இருந்தது. வழக்கமான மீளேற்றத்தின்போது (ரீலோட்) குரோம் முதன்மைப் பக்கத்தை மட்டுமே வழங்கியிடம் சரிபார்ப்பதால், அந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லாமல் போனது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தியவுடன் அரக்கு வந்தது.

இனி, தமிழில் என்ன சொல்வது? கலைச்சொற் பட்டியல்களில் பதுக்ககம், பதுக்கு நினைவகம், இடைமாற்று போன்றவை கிடைக்கின்றன. கைபேசி அமைப்புகளில் 'தற்காலிகச் சேமிப்பு' என்றிருப்பதையும் காணலாம்.

பதுக்ககம் பிரெஞ்சு வேருக்கு மிக நேர்மையான சொல். பதுக்கு என்பதன் உறவுச்சொல்லான பதுக்கை, பாலைவழியில் அம்புபட்டு இறந்தவர்மேல் குவித்த கற்குவையைக் குறித்து, 'வம்பப் பதுக்கை' எனப் புறநானூற்றின் 3ஆம் பாடலில் வருகிறது. பனிநிலங்களில் இறைச்சியைக் கற்குவியலின்கீழ் வைத்து அதையும் கேஷ் என்றே சொல்வதை நினைத்தால், இந்தப் பொருத்தம் வியப்பளிக்கிறது. ஆயினும் இன்றைய தமிழில் பதுக்கல் என்றால் அரிசியையும் மண்ணெண்ணெயையும் ஒளித்து விலையேற்றும் குற்றம். அந்த வாடையை அதிலிருந்து போக்க முடியாது. இடைமாற்று என்பது இடையகத்தோடு குழம்பும். ஜான்சன் வேண்டாமென்று தள்ளிய சொல்லை நாம் மீண்டும் உள்ளே அழைப்பானேன்? தற்காலிகச் சேமிப்பு கேட்க இதமாக இருந்தாலும், ஓராண்டுவரை வைத்திருக்கச் சொல்லப்பட்ட கோப்பைத் தற்காலிகம் என்பது பொருந்தவில்லை.

எனக்குப் பிடித்தது கையிருப்பு. மூலக் கிடங்கு எங்கோ இருக்க, உடனே எடுத்துத் தரக் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது என்ற பொருளைக் கடைக்காரர் முதல் இல்லத்தரசி வரை அறிவார்கள். "கையிருப்பில் உண்டு", "கையிருப்பில் இல்லை" என்று, கோப்பு அகப்பட்டதையும் அகப்படாததையும் சொல்லவும் வழி பிறக்கிறது. பணத்தைக் குறிக்கும் கேஷுக்கும் கணக்கேட்டில் கையிருப்பு என்றே எழுதுகிறோம் என்பது தற்செயலாக அமைந்த வேடிக்கை. நகல் என்ற பொருள் இச்சொல்லில் இல்லை என்பது மறுக்கமுடியாத குறை. துல்லியம் வேண்டிய இடத்தில் 'கையிருப்பு நகல்' என்று விரித்துச் சொல்லலாம்.

இச்சொல்லைப் பரிந்துரைக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. வழங்கி கோப்போடு சேர்த்து உலாவிக்கு அனுப்பும் 'கேஷ்-கன்ட்ரோல்' என்ற குறிப்பு வரியில் 'நோ-கேஷ்' என்று எழுதினால், கோப்பை வைத்துக்கொள்ளவே கூடாது என்று தடுத்ததாகப் புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது வைத்துக்கொள்ளத் தடைவிதிப்பதில்லை. வைத்திருப்பதைக் காட்டுமுன் மூலம் மாறியதா என்று வழங்கியிடம் ஒவ்வொரு முறையும் கேட்கச் சொல்கிறது. மாறவில்லையென்றால் வழங்கி, கோப்பை மீண்டும் அனுப்பாமல், 304 என்ற எண்ணை மட்டும் பதிலாகத் தரும். வைக்கவே கூடாது என்பதற்கு 'நோ-ஸ்டோர்' என்ற வேறொரு கட்டளை இருக்கிறது. பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இக்குழப்பம் தமிழுக்கும் வந்து சேரும்; செயலைப் பெயர்த்தால் வராது.

ஆகையால் என் தளத்தின் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே தமிழில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். நோ-கேஷ் அனுப்பும் பக்கங்களுக்கு, "கையிருப்பில் வைக்கலாம், கேட்காமல் காட்டக்கூடாது" என்று இருக்கிறது. என்றும் மாறாத கோலப் படங்களுக்கு, 'மேக்ஸ்-ஏஜ்' என்பதன் எதிரே 31536000 நொடிகள் என்ற எண்ணின் மேல், "ஓராண்டு கேட்கவே வேண்டாம்" என்று இருக்கிறது. சி.எஸ்.எஸ். கோப்புக்கும் அதே ஓராண்டுதான். ஆனால் நிறத்தைத் தொடும்போதெல்லாம் முகவரியின் வாலிலுள்ள பதிப்பெண்ணை ஒன்று கூட்டிவிடுவதால், உலாவி அதைத் தன் கையிருப்பில் இல்லாத புதுக் கோப்பாகக் கருதி வழங்கியிடமே வருகிறது. இப்போது அந்த எண் 14.