எத்தனை இன்ச் தூக்கலாம் என்று கேட்பதற்கு முன்: மலைப்பாதை வண்டிக்குச் சஸ்பென்ஷன் தேர்வு

குன்னூரில் சஸ்பென்ஷன் (சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) வேலை செய்யும் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “வண்டியை எத்தனை இன்ச் தூக்கலாங்க?” என்றுதான். யார் ஏறுகிறார்கள், எவ்வளவு எடை ஏறுகிறது, எந்தப் பாதையில் ஓடுகிறது என்று நான் திருப்பிக் கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை. இந்த மூன்றும் தெரியாமல் வாங்கும் ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ குலுக்கலைக் குறைக்காது. பல வண்டிகளில் இருந்த சுகத்தையும் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

நீலகிரியில் தார் இல்லாத பாதை விடுமுறைக்கு வருகிறவர்களின் சாகசத்துக்கு மட்டும் உள்ளதல்ல. கொலக்கம்பை, மஞ்சூர், கிண்ணக்கொரை, கீழ்கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டுக்குள் போகும் கல்பாதைகளில்தான் பசுந்தேயிலை மூட்டை வருகிறது, காய்கறி வருகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணியும் வருகிறார். அவர் உட்காரும் பெஞ்சு பெரும்பாலும் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இருக்கும். இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில் உட்காரும் டிரைவருக்கு அவர் படும் அடி தெரிவதில்லை. “வண்டி நல்லாத்தானே போகுது” என்று டிரைவர் சொல்வதும், “முதுகு போயிருச்சுங்கண்ணா” என்று பின்னால் இருப்பவர் சொல்வதும் ஒரே பயணத்தைப் பற்றித்தான்.

இதற்கு உடம்பின் பக்கமிருந்தும் ஒரு காரணம் உண்டு. உட்கார்ந்திருக்கும் மனிதரின் முதுகுத்தண்டு, நொடிக்கு சுமார் 4 முதல் 8 முறை மேலும் கீழும் வரும் அதிர்வில்தான் அதிகம் பாதிக்கப்படுகிறது. நல்ல காரில் ஸ்பிரிங்கின் மேல் பாடி ஆடுவது நொடிக்கு 1 முதல் 1.5 முறை. லோடுக்காகவே கட்டிய வண்டி காலியாக ஓடும்போது அது 2-ஐத் தாண்டும். ஸ்பிரிங்கை மேலும் மேலும் கடினமாக்கினால் வண்டியை முதுகு தாங்காத எல்லையை நோக்கித் தள்ளுகிறோம் என்று பொருள்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது சுருளாக இருக்கலாம், கமான் பட்டையாக இருக்கலாம், பழைய மஹிந்திரா தார் ஜீப்பின் முன்பக்கம் போல டார்ஷன் பாராக (முறுகி எடையைத் தாங்கும் இரும்புத் தண்டு) இருக்கலாம். அமுங்கி எழுந்த ஸ்பிரிங் மறுபடி மறுபடி ஆடாமல் அடக்குவது ஷாக். ஆட்டத்தின் ஆற்றலை எண்ணெய் வழியாக வெப்பமாக்கி வெளியே விடுகிறது. லோடு ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது என்றால் ஷாக்கை மாற்றிப் பயனில்லை. பள்ளத்தைத் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று ஆட்டம் மிச்சம் இருக்கிறது என்றால் ஸ்பிரிங்கை மாற்றிப் பயனில்லை. கடைக்காரர் இரண்டையும் ‘கிட்’ என்று ஒரே பெட்டியில் போட்டு விற்பதால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

எதையும் வாங்குவதற்கு முன் இருப்பதைப் பாருங்கள். லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கையின் இணைப்பு ரப்பர்), ஷேக்கிள் புஷ் (பட்டையின் முனையைப் பிடிக்கும் இணைப்பின் ரப்பர்), பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு), ஷாக்கின் மேல்-கீழ் ரப்பர் ஆகியவற்றில் தேய்மானம் இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த ஷாக் போட்டாலும் ‘டக் டக்’ என்ற அடி குறையாது. ஷாக்கின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது பெரிய விஷயமில்லை. சொட்டினால் அதன் ஆயுள் முடிந்தது. பட்டை வண்டி என்றால் பட்டைகளுக்கு நடுவே பாருங்கள். கூடலூர், பந்தலூர் மழையில் ஓடும் வண்டிகளில் சேறும் துருவும் சேர்ந்து பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். பட்டை ஒன்றின் மேல் ஒன்று வழுக்கினால்தான் அது ஸ்பிரிங்காக வேலை செய்யும். ஒட்டிப்போனால் சின்னக் கல்லின் அடி அப்படியே பாடிக்கு ஏறும். செட்டைப் பிரித்து, கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, கிராஃபைட் கிரீஸ் தடவி, நடுவில் வைக்கும் நைலான் லைனர் தேய்ந்திருந்தால் மாற்றி, ஷேக்கிள் புஷ் புதிதாகப் போட்டாலே சில வண்டிகளுக்கு வேறு எதுவும் தேவைப்படுவதில்லை. இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. புதிதாக ஏதாவது வாங்க வேண்டும் என்று மனத்தில் முடிவு செய்துவிட்டு வருகிறார்கள்.

அடுத்து எடை. மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஏதாவது ஓர் எடைமேடையில் வண்டியை ஏற்றுங்கள். வழக்கமாக ஏறும் ஆட்கள், சாமான், டீசல் எல்லாம் இருக்கட்டும். முதலில் முன்சக்கரங்கள் மட்டும் மேடையில், பிறகு முழு வண்டி. கழித்தால் பின் ஆக்சிலின் எடை வந்துவிடும். இந்த இரண்டு எண்ணும் இல்லாமல் ஸ்பிரிங் பரிந்துரைப்பவரை நான் நம்புவதில்லை. மாருதி ஜிம்னியை எடுத்துக்கொள்ளுங்கள். காலி எடை ஏறத்தாழ 1,200 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. நாலு பேர் தலைக்கு 70 கிலோ என்றால் 280 போய்விட்டது. மிச்சம் அறுபது, எழுபது கிலோ. அதற்குள் இரும்பு பம்பர், மேலே கேரியர், கேரியரில் கூடாரம், இன்னொரு ஸ்டெப்னி என்று ஏற்றினால் வரம்பு தாண்டிவிடும். பிறகு ‘வண்டி உட்காருது’ என்று கடினமான ஸ்பிரிங் தேடுகிறோம். தேவையில்லாத இரும்பைக் கழற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். மேலே ஏற்றிய எடை கொண்டை ஊசி வளைவில் வண்டியைச் சாய்க்கும் என்பது தனிக்கவலை.

எடை தெரிந்த பிறகு ஸ்பிரிங்கின் கடினத்தைப் பேசலாம். இங்கே ஒரு கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. சுருள் ஸ்பிரிங்கின் கடினம், கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 மி.மீ. கம்பி என்றால், சுருளின் அளவும் எண்ணிக்கையும் மாறாதபோது, கடினம் சுமார் 38 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர்தான். பின்பெஞ்சில் இருப்பவருக்கு அது வேறு வண்டி. சுருளை ஒரு சுற்று வெட்டி வண்டியைத் தாழ்த்தினாலும் கடினம் கூடத்தான் செய்யும், குறையாது. பட்டையிலும் இப்படித்தான்: தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும். ‘ஒரு ஹெல்பர் பட்டை (லோடு தாங்கச் சேர்க்கும் கூடுதல் பட்டை) சேர்த்துவிடுங்க’ என்று எளிதாகச் சொல்கிறோம். தினமும் முழு லோடு ஏற்றும் பிக்கப்புக்கு அது சரி. வாரத்தில் ஒரு நாள் லோடும் மற்ற நாள் குடும்பமும் ஏறும் வண்டிக்கு அது தண்டனை. அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் மென்மையாக அமுங்கி, லோடு ஏற ஏறக் கடினமாகும் புரோகிரஸிவ் ஸ்பிரிங்தான் பொருத்தம்.

மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் நீலகிரியில் இன்னும் நிறையப் பேர். நான்கு சக்கரத்திலும் பட்டை, அதனால் குலுக்கலும் அதன் கூடவே பிறந்தது. அதற்குப் பாராபோலிக் பட்டை நல்ல மாற்று. எண்ணிக்கை குறைவு, ஒவ்வொரு பட்டையும் நடுவில் தடித்து முனைக்குப் போகப் போக மெலியும், நடுவிலும் முனையிலும் மட்டும் தொடுவதால் உரசல் குறைவு. ஆனால் பழைய பட்டையின் உரசல்தான் ஆட்டத்தை ஓரளவு அடக்கிக்கொண்டிருந்தது. அது போன பிறகு நல்ல ஷாக் இல்லாமல் ஓட்டினால் வண்டி துள்ளும். பாராபோலிக் போடுகிறவர் ஷாக்குக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.

ஷாக்கில் டுவின் ட்யூப், மோனோ ட்யூப், தனிக் குடுவை வைத்தது என்று மூன்று வகை நம் கைக்கு வருகிறது. குடுவை வைத்தது பார்க்க அழகு. அதில் எண்ணெய் அதிகம், சூடு தாங்கும். பாலைவனத்தில் வேகமாக மணிக்கணக்கில் ஓடுகிறவருக்கு அது தேவை. எஸ்டேட் பாதையில் நாம் போவது 10, 15 கி.மீ. வேகம். அந்த வேகத்தில் எண்ணெய் கொதித்து ஷாக் தளர்வது நமக்கு முதல் பிரச்சினையே அல்ல. மோனோ ட்யூபில் நைட்ரஜன் வாயு அதிக அழுத்தத்தில் இருப்பதால் வேலை கூர்மையாக இருக்கும். ஆனால் வெளிக்குழாயே உள்ளே பிஸ்டன் ஓடும் குழாய் என்பதால் ஒரு கல் தெறித்து நசுங்கினால் பிஸ்டன் அங்கேயே மாட்டும். டுவின் ட்யூபில் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. சின்ன நசுங்கலைத் தாங்கிக்கொள்ளும், சின்ன அடிகளை மென்மையாக விழுங்கும். கல்பாதையில் மெதுவாக ஆளேற்றி ஓடும் வண்டிக்கு வாயு நிரப்பிய நல்ல டுவின் ட்யூப் போதும் என்பது என் கருத்து. மிச்சமாகும் பணத்தை டயரில் போடலாம்.

கடினத்தைத் திருகி மாற்றும் வசதி உள்ள ஷாக்கை வாங்கியவர்கள் அதைக் கடைசி வரை கடினத்தில் வைத்து ஓட்டுவதைப் பார்க்கிறேன். வரிசையாகக் கல் வரும் பாதையில் ஷாக் மெதுவாக நீண்டால், சக்கரம் கீழே இறங்கி முடிப்பதற்குள் அடுத்த கல் வந்துவிடும். கல்லுக்குக் கல் வண்டி தாழ்ந்து, கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் (ஸ்பிரிங் முழுதும் அமுங்கும்போது இடி தாங்கும் ரப்பர் கட்டை) இடிக்கும். அப்போது டிரைவர் “இன்னும் டைட் பண்ணணும்” என்கிறார். செய்ய வேண்டியது நேர்மாறு. பம்ப் ஸ்டாப் வரை போகிறதா என்று தெரிய, அதன் ரப்பரில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டு வழக்கமான பாதையில் ஒரு முறை ஓட்டுங்கள். ஷாக்கின் தண்டு வெளியே தெரியும் வண்டியில் ஒரு கேபிள் டை கட்டினால், எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதை அதுவே காட்டிவிடும்.

இனி உயரம். வண்டியைத் தூக்குவதும் சவாரியை மென்மையாக்குவதும் வேறு வேறு வேலை. ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வைத்தால் அடிப்பாகத்துக்கும் கல்லுக்கும் இடைவெளி கூடும், அவ்வளவுதான். ஷாக் பழைய நீளமே என்றால் சக்கரம் பள்ளத்தில் இறங்க மிச்சமிருந்த தூரம் குறையும். பழைய தாரில் டார்ஷன் பாரின் போல்ட்டை முறுக்கியே முன்பக்கத்தைத் தூக்கிவிடுகிறார்கள். செலவு இல்லை. ஆனால் சக்கரம் கீழே போக இடமில்லாமல் கீழ் எல்லையிலேயே தொங்கும். ஒவ்வொரு குழியிலும் இரும்பு இரும்பில் இடிக்கும் சத்தம் கேட்கும். அப்படி வந்த வண்டிகளைப் பழைய உயரத்துக்கு இறக்கியதுமே ஓட்டுபவரின் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

ஜிம்னி போல முன்னும் பின்னும் முழு ஆக்சில் உள்ள வண்டியை இரண்டு இன்ச் தூக்கினால் பக்கவாட்டுத் தண்டு ஆக்சிலை ஒரு பக்கமாக இழுக்கும். கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்து ஸ்டியரிங் நேரே நிற்காமல் அலையும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். புதிய தாரின் முன்பக்கம் தனித்தனிச் சக்கரம் என்பதால் சிவி ஜாயிண்டின் (சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு) கோணமும் மேல் ஆர்மின் பால் ஜாயிண்டும் எல்லைக்குப் போகும். இவற்றைச் சரி செய்யும் பாகங்கள் இல்லாத கிட்டை விலை குறைவு என்று வாங்காதீர்கள். எஸ்டேட் பாதைக்காகத் தூக்கிய அதே வண்டி கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவிலும் ஓட வேண்டும். வளைவில் அதிக உருளலைத் தடுக்கும் ஆன்டி ரோல் பாரைக் கழற்றிவிட்டால் கல்பாதையில் சக்கரம் நன்றாக இறங்கும், உண்மைதான். கழற்றியதை மாட்டாமல் மலைப்பாதையில் இறங்குவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கிறது. விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். அதே அளவில், அதே உயரத்தில் தரமான மாற்றுப் பாகம் போடுவதையே நான் முதலில் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சஸ்பென்ஷன் நன்றாக இருக்கிறதே என்று சோலைக்குள்ளும் புல்வெளியிலும் இறக்குகிறவர்களுக்கு என் பட்டறையில் வேலை செய்து தர மாட்டேன். இது 1986 முதல் உயிர்க்கோளக் காப்பகமாக உள்ள மலை. புல்வெளியில் விழும் ஒரு டயர் தடம் அடுத்த மழையில் மண்ணை அரித்துக்கொண்டு ஓடும் வாய்க்காலாகிவிடும்.

செலவே இல்லாத மாற்றம் டயரின் காற்று. 28, 30 பிஎஸ்ஐ வைத்து ஓடும் வண்டி, ஆள் குறைவாகக் கல்பாதையில் மெதுவாகப் போகும்போது 20 வரை குறைத்தால் சின்னக் கற்களின் அடியை டயரே வாங்கிக்கொள்ளும். முழு லோடில் இதைச் செய்யக் கூடாது, டயரின் பக்கச்சுவர் கல்லில் கிழியும். தார் ரோடு ஏறும் முன் காற்றைத் திரும்ப நிரப்ப வண்டியிலேயே ஒரு சின்ன கம்ப்ரஸர் வேண்டும். இல்லாதவர் குறைக்கவே வேண்டாம். அளவுக்கு மீறிய பெரிய டயரும் கனமான வீலும் ஸ்பிரிங்குக்குக் கீழே எடையைக் கூட்டுவதால், நல்ல ஷாக் போட்டும் சக்கரம் துள்ளும்.

வேலை செய்யும் இடத்தில் இரண்டை நின்று கவனியுங்கள். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, வண்டி ஜாக்கில் தொங்கும்போது இறுதியாக முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகே முறுக்க வேண்டும். இல்லையென்றால் புஷ் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பட்டை கழற்றினால் பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் பழைய யூ போல்ட்டை மறுபடி போட விடாதீர்கள். புதியதையும் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வழக்கமான லோடோடு கொண்டுவந்து ஒரு முறை முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றே வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட்டின் கோணமும் சரிபார்க்க வேண்டும். முன்பக்க உயரம் கொஞ்சம் மாறினாலும் குன்னூர் மூடுபனியில் எதிரே வருகிறவரின் கண்ணில்தான் அந்த வெளிச்சம் விழும்.