1970 ஷெவெல் விற்பனைக்கு: முன்பணம் கொடுக்கும் முன் காருக்கு அடியில் பாருங்கள்

"முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது, மேம்படுத்தப்பட்டது, 454 எஞ்சின், அசல் எஸ்எஸ்." 1970ஆம் ஆண்டின் செவர்லே ஷெவெல் விற்பனைக்கு வரும்போது விளம்பரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 454 என்பது எஞ்சினின் கன அங்குல அளவு; எஸ்எஸ் என்பது 'சூப்பர் ஸ்போர்ட்' என்ற வேகமான வகை. அமெரிக்காவில் பழைய கார்களை வாங்குவோருக்காகப் பரிசோதித்து மதிப்பிட்டுக் கொடுப்பது என் தொழில். இங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் இப்போது அடிக்கடி அழைக்கிறார்கள். பலர் முன்பணத்தை அனுப்பிவிட்டுத்தான் அழைக்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அசல் கார் என்றால் அதன் வரலாற்றுக்கு விலை. மாற்றியமைத்த கார் என்றால் அதில் செய்திருக்கும் வேலைக்கு விலை. ஒரே காருக்கு இரண்டு விலையையும் சேர்த்துக் கேட்பவர்களிடம்தான் எச்சரிக்கை தேவை.

ஷெவெலில் இந்தக் குழப்பம் எளிதாக நுழைந்துவிடும். 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 தனி மாடல். வாகன அடையாள எண்ணே 138 என்று தொடங்கும். 1969 முதல் எஸ்எஸ் வெறும் கூடுதல் தொகுப்பாகிவிட்டது. 1970 ஷெவெலின் எண் 13637 என்று தொடங்கினால் அது ஷெவெல் வரிசையின் எட்டு சிலிண்டர் மாலிபு வகை, இரண்டு கதவு கூப்பே என்று மட்டுமே தெரியும். தொழிற்சாலையிலிருந்து அது எஸ்எஸ் ஆக வந்ததா என்பதை அந்த எண் சொல்லாது. கிரில்லில் இருக்கும் சின்னமும் பானெட்டில் இருக்கும் கோடுகளும் கடையில் கிடைப்பவை. எந்தெந்தப் பாகங்களைப் பொருத்த வேண்டும் என்று தொழிற்சாலையில் பட்டியலிட்டு, காருடன் வந்த தயாரிப்புத் தாள்தான் வலுவான சான்று. சில கார்களில் அது பெட்ரோல் டேங்கின் மேலேயோ இருக்கையின் ஸ்பிரிங்குகளுக்குள்ளோ இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். போர்டு, பாண்டியாக் கார்களுக்குப் பழைய தயாரிப்புப் பதிவுகளைப் பணம் கட்டி வாங்க முடிகிறது. அமெரிக்காவில் விற்ற செவர்லேக்கு அந்த வசதி இல்லாததால் காகிதம் இல்லாத "அசல்" வெறும் வாய்ச்சொல்தான்.

எஞ்சினையும் பார்க்க வேண்டும். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சிறிய சமதளத்தில் எழுத்துகளும் எண்களும் பொறித்திருக்கும். 454 எஞ்சினின் 450 குதிரைத்திறன் கொண்ட வகையான எல்எஸ்6 ஆட்டோமேட்டிக் கியருடன் வந்திருந்தால் அங்கே சிஆர்ஆர் என்றிருக்கும். அந்தத் தளத்தை டார்ச் அடித்து அருகில் பாருங்கள். தொழிற்சாலையில் தளம் சீவியபோது விழுந்த மெல்லிய கோடுகள் முன்னும் பின்னுமாக ஓட வேண்டும். தளம் கண்ணாடியாக மழமழப்பாக இருந்து எழுத்துகள் மட்டும் புதிதாகத் தெரிந்தால், பிற்காலத்தில் சீவி மறுபடி பொறித்திருக்கலாம் என்ற சந்தேகம் எழ வேண்டும்.

இனி உடல். புதிய பெயின்ட் எதையும் மறைக்கும். அண்மையில் பார்த்த ஒரு சிவப்பு ஷெவெலில் பெயின்ட் தடிமன் கருவி கதவில் 200 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. புதுப்பித்த காருக்கு அது சரியான அளவுதான். பின்கண்ணாடியின் கீழ் மூலைக்குப் போனதும் 1,000ஐத் தாண்டிவிட்டது. டிக்கி விரிப்பைத் தூக்கினால், நேர் கீழே தகடு சல்லடையாக இருந்தது. ஷெவெலின் நோய் இதுதான்: பின்கண்ணாடியைச் சுற்றிய உலோக விளிம்புக்கு அடியில் தண்ணீர் தேங்கித் துருவை உள்ளே இறக்குகிறது. வினைல் கூரை போட்ட கார்களில் இது இன்னும் மோசம். மேலே பட்டி பூசி மறைத்துவிடுவார்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பக்கவாட்டுத் தகடு, தரைத்தகடு, சேசிஸோடு உடல் பொருந்தும் இடங்கள் ஆகியவற்றை லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க முடியும். லிஃப்டுக்கு மறுக்கும் விற்பனையாளரிடம் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

மாற்றியமைத்த காரை நான் குறைத்துப் பேசவில்லை. நவீன எஞ்சினும் ஆறு கியரும் நல்ல டிஸ்க் பிரேக்கும் பொருத்தித் திறமையாகக் கட்டிய ஷெவெல், அன்றாடம் ஓட்ட அசலைவிடச் சுகமானது. ஆனால் யார் கட்டினார்கள், ரசீதுகள் எங்கே, எல்லா வேலையும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா? 430 குதிரைத்திறன் எஞ்சினை வைத்துவிட்டு நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக்கை விட்டுவைத்த காரை நான் வாங்க விடமாட்டேன். வயரிங்கில்தான் பெரும்பாலும் கஞ்சத்தனம் தெரியும். எரிபொருள் பம்ப், மின்விசிறிகள், ஏசி என்று புதிய சுமை அத்தனையையும் ஐம்பது ஆண்டுப் பழைய கம்பிகளில் தொங்கவிட்டிருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. இணைப்புகளில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

டயரின் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் படியுங்கள்; அது தயாரித்த வாரமும் ஆண்டும். 2311 என்றால் 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கண்காட்சிக்கு மட்டுமே போன காரில் கோடு தேயாமலே ரப்பர் கெட்டியாகிவிடும். நெடுஞ்சாலையில் அது வெடிக்கலாம். மைல்கணக்கை நம்பி விலையைக் கூட்டாதீர்கள். இவ்வளவு பழைய காரின் உரிமைப் பத்திரத்தில் மைல் விவரத்துக்கு விலக்கு உண்டு, மீட்டரிலும் ஐந்து இலக்கம்தான்.

"உள்ளபடியே விற்பனை" என்று பில்லில் இருந்தால் பிறகு நீங்கள் கேட்பதற்கு வழி மிகக் குறைவு. எனவே முன்பணம் அனுப்பும் முன், பரிசோதனையில் குறை தெரிந்தால் அதைத் திருப்பித் தருவதாக எழுத்தில் வாங்குங்கள். டேஷ்போர்டில் உள்ள வாகன அடையாள எண் தகட்டின் படத்தையும், அதன் ஆணிகள் தெளிவாகத் தெரியும்படி, அதே நாளில் கேட்டு வாங்கி, உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள்.