கையைக் குறை சொல்வதற்கு முன் சால்டரைப் பாருங்கள்

சொந்தமாகச் சர்க்யூட் செய்து பழகும் மாணவர்கள் சரிபார்க்கக் கொண்டுவரும் போர்டுகளில் ஐசியோ டிரான்சிஸ்டரோ கெட்டிருப்பது குறைவு. பெரும்பாலும் டிரை சால்டர்தான், அதாவது ஒட்டியதுபோலத் தெரிந்தும் உள்ளே சரியாகப் பிடிக்காத இணைப்பு. "எனக்குக் கை சரியாக வரவில்லை சார்" என்பார்கள். அவர்கள் வைத்திருக்கும் சால்டர் ஒயரில் நான் வைத்துப் பார்த்தாலும் சரியாக வராது.

பாகங்களைப் போர்டில் பிடிக்க வைக்க உருக்கும் சால்டர், வழக்கமாக வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. காரீயத்தைவிட வெள்ளீயம் பல மடங்கு விலை. மலிவுச் சுருளில் முதலில் குறைவதும் அதுதான். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது 183 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகும், அதே சூட்டில் சட்டென்று உறையும். 60/40 முழுதாக உருக 190 டிகிரி வரை ஆகும். கைவேலைக்கு அது பெரிய வித்தியாசமில்லை. 40/60 என்றால் 230 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஆறும்போதும் 183-க்கு வரும்வரை களிபோலக் குழைந்தே கிடக்கும். அந்நேரம் ரெசிஸ்டரின் கால் லேசாக அசைந்தாலும் உள்ளே விரிசல் விழும். மேலே பார்த்தால் ஒட்டியதுபோலத்தான் இருக்கும்.

லேபிளில் 60/40 என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பழைய போர்டில் ஒரு சொட்டு உருக்கி, சால்டரிங் அயர்னை எடுத்ததும் கவனியுங்கள். நல்ல சால்டர் உடனே இறுகிப் பளபளக்கும். மட்டமானது சிறிது நேரம் குழைந்திருந்து சாம்பல் பூத்து இறுகும். (காரீயம் இல்லாத சால்டர் இயல்பிலேயே சற்று மங்கல், அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

அப்புறம் ஃபிளக்ஸ், அதாவது உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடை நீக்கிச் சால்டர் பிடிக்க உதவும் பொருள். ஒயரைக் கூரான பிளேடால் வெட்டி லென்ஸில் பாருங்கள். நடுவே ரோசின் (பைன் மரப் பிசினிலிருந்து வரும் ஃபிளக்ஸ்) நிரம்பிய துளை தெரிய வேண்டும். துளையே இல்லையென்றால் அது வெறும் கம்பி. ஃபிளக்ஸைத் தனியாகப் போட வேண்டும். ஹார்டுவேர் கடையில் தகர வேலைக்கு விற்கும் ஆசிட் ஃபிளக்ஸை மட்டும் போர்டில் தொடவே தொடாதீர்கள். அன்றைக்கு அருமையாகப் பிடிக்கும். பிறகு செம்புத் தடம் பச்சை பூத்து அரித்துப்போகும்.

புதிதாகப் பழகுபவர்களுக்கு 0.8 மில்லிமீட்டர் கனத்தில், ரோசின் உள்ள 63/37 போதும். போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் குட்டிப் பாகங்களுக்கு (எஸ்எம்டி) 0.5. காரீயமில்லாத வழக்கமான வகைகள் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

எழும் புகை ஃபிளக்ஸிலிருந்து வருவது, ஆஸ்துமாவைத் தூண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். காரீயம் கையில் ஒட்டித்தான் வாய்க்குப் போகும். ஒயரைப் பல்லில் கடித்துப் பிடிக்காதீர்கள், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சாப்பாட்டு மேசையில் இந்த வேலையே வேண்டாம்.