ஊசி உடைந்ததைச் சொல்லாத லைன்

சென்ற ஆண்டு திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக்குத் தர ஆய்வுக்காகப் போயிருந்தேன். குழந்தைகள் உடுப்பு தைக்கிற இடம். இரண்டு லைன், அறுபது மெஷின். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது உடைந்த ஊசிப் பதிவேடு. கொண்டுவந்து கொடுத்தார்கள். அட்டைகூடக் கசங்காமல் இருந்தது. மூன்று மாதத்துக்கு இரண்டே பதிவுகள்.

அறுபது மெஷின் ஓடுகிற இடத்தில் அது நடக்காத காரியம். தையல்மேல் தையல் ஏறி துணி தடிக்கிற இடத்தில் ஊசி உடையும். டெய்லர் துணியைக் கொஞ்சம் வேகமாக இழுத்தாலும் உடையும். உடைவது தப்பே இல்லை. உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எல்லா ஏற்றுமதிக் கம்பெனியிலும் ஒரு முறை உண்டு. டெய்லர் மெஷினை நிறுத்திக் கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் வந்து துண்டுகளைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, தேதி, நேரம், மெஷின் எண்ணோடு பதிவேட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். அதன் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்தத் துணிக் கட்டு முழுவதையும் தனியாக எடுத்து வைத்துத் தேட வேண்டும். இதற்குச் சில சமயம் இருபது நிமிடம்கூட ஆகும். அந்தத் துண்டு ஒரு வயதுக் குழந்தையின் கழுத்தோரத்தில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஓவர்லாக் அடிக்கிற ஒரு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இருபது வருடமாகத் தைக்கிறவர். சுற்றிவளைக்காமல் கேட்டேன்.

"அதெங்க கண்ணு எழுதறது? கையத் தூக்குனா மிசினு நின்னு போயிருது. உடனே மேனேசரு வந்து பின்னால நின்னுக்குவாரு. இந்த மணிக்கு எத்தன பீசு, ஏன் கொறஞ்சுதுன்னு எல்லாரு முன்னாலயும் கத்துவாரு. அதுக்கு நானே ஊசி மாத்திட்டு ஓட்டிர்றது."

மேசைக்கு அடியில் ஒட்டியிருந்த ஒரு துணித்துண்டைத் திருப்பிக் காட்டினார். அதில் இரண்டு புது ஊசிகள் குத்தியிருந்தன.

"ஒடைஞ்ச துண்டு?"

"தேடுனேன். பாதி கெடச்சுது."

இருபத்து நான்கு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். செக்கிங் மேசையில் ஆரம்பித்து இன்று கம்பெனி கம்பெனியாகப் போய் ஆய்வு செய்கிற இடத்துக்கு வந்திருக்கிறேன். 'பாதி கெடச்சுது' என்ற அந்த வார்த்தை என்னை உலுக்கியது போல வேறெதுவும் உலுக்கியதில்லை. அந்த அக்கா பொறுப்பில்லாதவர் கிடையாது. அவர் வீட்டிலும் பேரன் இருக்கிறான். இருபது நிமிடம் மெஷினை நிறுத்தும் தைரியம் அவரிடம் இல்லை. ஒவ்வொரு மணிக்கும் போர்டில் எண்ணிக்கை எழுதி, குறைந்தால் பின்னால் வந்து நின்று கத்தி, அந்தத் தைரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கியது புரொடக்‌ஷன் மேனேஜர்.

அவசரப்படுத்தினால் வேலை கொஞ்சம் மோசமாகும், ஆனால் சீக்கிரம் முடியும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் சீக்கிரம்கூட முடிவதில்லை. முதலில் நின்றுபோவது பேச்சு. எங்கே கோளாறு என்று தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அதன் பிறகு மேனேஜருக்குக் கிடைப்பதெல்லாம் நல்ல சேதிதான். கெட்ட சேதி ஷிப்மென்ட் நாளன்று மொத்தமாக வந்து சேரும்.

இன்னொரு கம்பெனியில் நடந்ததையும் சொல்கிறேன். லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்த சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி, 4,800 பீஸ் டி-சர்ட். துணியின் சுருக்கத்தைச் சரிசெய்கிற காம்பாக்டிங் முடிந்து ராத்திரி எட்டு மணிக்குத் துணி வந்தது. பின்னலாடைத் துணியை ரோலாகச் சுற்றும்போது அது இழுபட்டுத்தான் இருக்கும். ரோலைப் பிரித்து மேசையில் தளர்வாக மடித்துப் போட்டு வைத்தால் மெதுவாகத் தன் அளவுக்குத் திரும்பும். லைக்ரா இருந்தால் ஒரு நாளாவது போட்டு வைக்க வேண்டும். திருப்பூரில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் இது தெரியும்.

கட்டிங் மாஸ்டர் சொல்லியிருக்கிறார்: "துணி கொஞ்சம் மூச்சு விடட்டுங்க சார். நாளைக்கு ராத்திரி வெட்டிக்கலாம்."

"துணிக்கு மூச்சு விட நேரம் குடுத்தா எனக்கு மூச்சு நின்னுரும் மாஸ்டர். லைன் காலியா நிக்குது. வெட்டுங்க" என்றார் மேனேஜர்.

மாஸ்டர் வெட்டினார். விடிவதற்குள் கட்டு கட்டாக லைனுக்குப் போய்விட்டது. தைக்கத் தைக்க, மேசையில் கிடக்கக் கிடக்க, துணி தன் அளவுக்குச் சுருங்கிக்கொண்டே வந்தது. 70 செ.மீ. இருக்க வேண்டிய உயரம் பல பீஸில் 68 செ.மீ.க்கு வந்துவிட்டது. ஒரு சென்டிமீட்டர் வரைதான் கூடக் குறைய இருக்கலாம். செக்கிங்கில் இருந்த பெண்கள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். சூப்பர்வைசரிடம் சொன்னார்கள். அவர் மேலே சொல்லவில்லை. ஏன் என்று பின்னால் கேட்டேன். "சொன்னா, அன்னைக்கே ஏன் சொல்லலைன்னு கேப்பாருங்க" என்றார்.

கடைசி ஆய்வில் 4,800 பீஸுக்கு 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். 2.5 கணக்குப்படி பெரிய குறை 10 வரை இருந்தால் பாஸ், 11 ஆனால் ஃபெயில். அன்று 31 வந்தது. எல்லாப் பீஸையும் பிரித்து, அளந்து, தேறியதைத் தனியாக எடுத்து, தேறாததற்குப் புதுத் துணி போட்டு வெட்டித் தைத்து முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய சரக்கு விமானத்தில் போனது. கப்பல் கூலியைப் போலப் பல மடங்கு செலவு. ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போய் ஒன்பது நாள் போயிற்று. இந்த ஒரு நாளைத் தொழிலாளியின் சோம்பேறித்தனம் என்று நினைக்கிற மேனேஜர்களை இன்றும் பார்க்கிறேன். அது துணிக்கு வேண்டிய நேரம். கத்தினால் துணி சீக்கிரம் சுருங்காது.

பின்னால் ஒருவர் நிற்கும்போது தைக்கிற கையைக் கவனித்திருக்கிறீர்களா? தோள் ஏறிவிடும். கண் துணியை விட்டு அவர் செருப்புச் சத்தத்தின் பக்கம் போகும். மறைக்கிறது என்று ஊசிக்கு முன்னால் இருக்கும் பாதுகாப்புக் கம்பியை மேலே தள்ளிவிட்டுத் தைப்பார்கள். விரலில் ஊசி ஏறுகிற விபத்து பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. திருத்தித் தைக்க வேண்டிய ஆல்டர் பீஸ்கள் கட்டுக்கு நடுவில் செருகப்பட்டு அடுத்த ஆளுக்குப் போகும். போர்டில் எண்ணிக்கை ஏறும். சாயங்காலம் பார்த்தால் முடிந்த பீஸ் குறைவாகவும் ஆல்டர் மலைபோலவும் இருக்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் நல்ல டெய்லர் இரண்டு பேர் திங்கட்கிழமை வரமாட்டார்கள். பக்கத்துக் கம்பெனி கேட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். புதிதாக வருகிறவர் அந்த வேலைக்குக் கை பழக நாளாகும். இதையெல்லாம் ஒருவரும் கணக்கில் எழுதுவதில்லை.

மேனேஜர்களின் நிலையும் எனக்குத் தெரியும். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். சரக்கை வாங்குகிற பையர் தேதியை முன்னால் இழுப்பார். சாயத்தில் மூன்று நாள் தாமதமாகும், ஆனால் ஷிப்மென்ட் தேதி மாறாது. மூன்று நாளையும் தையலில்தான் பிடித்தாக வேண்டும். முதலாளி அரை மணிக்கொரு தடவை போன் செய்வார். மேலே வாங்குகிற திட்டை அப்படியே கீழே இறக்கிவிடுவதுதான் மேனேஜ்மென்ட் என்று பலருக்கும் பழகிப்போய்விட்டது. யாரும் அவர்களுக்கு வேறு மாதிரி காட்டிக் கொடுக்கவும் இல்லை. ஆனால் மேலிருந்து வருகிற அழுத்தத்தைத் தன்னோடு நிறுத்திக்கொண்டு, எது முன்னால், எது பின்னால் என்று பிரித்துக் கீழே கொடுப்பதற்குத்தான் மேனேஜர் இருக்கிறார். வெறும் குழாயாக இருப்பதற்கு அவருக்கு அந்தச் சம்பளம் வேண்டியதில்லை.

இந்தத் தொழிலில் அவசரத்தின் எல்லை எதுவரை போகும் என்பதை 2013 ஏப்ரல் 24-இல் டாக்கா அருகே சாவரில் பார்த்தோம். ராணா பிளாசா. எட்டு மாடிக் கட்டடம். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேலே இருந்த தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே அனுப்பினார்கள். வராவிட்டால் சம்பளம் கிடையாது என்று மிரட்டினார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் செத்துப்போனார்கள். அன்று காலை வாசலில் நின்றவர்களுக்கு விரிசல் தெரியாமல் இல்லை. வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கேட்க ஆள் இல்லை. ஊசிக்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம் என்று நான் நம்புகிறேன்.

பயிற்சிக்குப் போகிற இடத்தில் மேனேஜர்களை முதலில் நிட்டிங் யூனிட்டுக்கு அழைத்துப் போவேன். மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு நூல் அறுந்தால் உடனே விளக்கு எரியும், மெஷின் தானே நின்றுவிடும். ஓட்டுகிற ஆள் வந்து நூலை முடிந்து திரும்ப ஓட விடுவார். நின்றதற்காக யாரும் மெஷினைத் திட்டுவதில்லை. நிற்காவிட்டால்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுவோம், ஏனென்றால் நிற்காத மெஷின் ஒரு ரோல் முழுக்க ஓட்டைத் துணியைப் பின்னித் தள்ளிவிடும். ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-இல் முழுமைப்படுத்திய தறியின் அழகும் அதுதான், பாவு நூல் அறுந்தால் தானே நிற்கும். பின்னால் அதே குடும்பம் தொடங்கிய டொயோட்டா கார் தொழிற்சாலையில், கோளாறைக் கண்டால் இழுக்கச் சொல்லி லைனை ஒட்டி ஒரு கயிற்றைக் கட்டினார்கள். இழுத்ததும் தலைவர் ஓடி வருவார், உதவி செய்வதற்கு. நம் லைனில் அக்கா கையைத் தூக்குவதும் அந்த விளக்கு எரிவதும் ஒன்றுதான். விளக்கு எரியும்போது ஓடிப்போய்ப் பார்க்கிறோம். கை தூக்கும்போது ஏன் கத்துகிறோம்?

மேனேஜர்களிடம் நான் கேட்டுக்கொள்வது பெரிய காரியம் எதுவும் இல்லை. காலையில் லைனுக்குப் போனதும் "எத்தனை பீஸ்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "எங்கே மாட்டுது?" என்று கேளுங்கள். முதல் வாரம் எல்லாரும் "ஒண்ணுமில்லைங்க சார்" என்பார்கள். நம்பாதீர்கள், தினமும் கேளுங்கள். ஒருவர் வாய் திறந்து ஒரு கோளாறைச் சொல்லும் நாளில் உங்கள் முகத்தைத்தான் லைன் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். அன்று "ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டால் அத்தோடு முடிந்தது. தேதி நிஜமாகவே நெருக்கடி என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு பாக்கி இருக்கிறது, எதைத் தள்ளிப்போடலாம், எதைக் கண்டிப்பாகத் தள்ளக் கூடாது என்று சொல்லிப் பாருங்கள். டெய்லர்கள் ஒன்றரை ஷிப்ட் நின்று முடித்துக் கொடுத்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மரியாதையாகக் கேட்டதற்காகத்தான் அவர்கள் நின்றார்கள்.

அந்தக் குழந்தை உடுப்புக் கம்பெனியில் அன்றே லைனை நிறுத்தச் சொன்னோம். பேக்கிங்கில் இருந்த பெட்டிகளைத் திறந்து எல்லாவற்றையும் ஊசித் துண்டு இருந்தால் காட்டிக்கொடுக்கிற டிடெக்டரில் மறுபடி ஓட்டினோம். மேசைக்கு அடியில் இருந்த ஊசிகளையெல்லாம், யார் வைத்தது என்று கேட்காமல், ஒரு டப்பாவில் போடச் சொன்னோம். நாற்பத்து மூன்று ஊசி சேர்ந்தது. புரொடக்‌ஷன் மேனேஜரோடு முதலாளி முன்னால் நீண்ட நேரம் பேசினேன். ஊசி உடைந்த இருபது நிமிடத்தை அந்த மணியின் கணக்கில் இருந்து கழித்துவிட வேண்டும் என்ற ஒன்றை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து முதலாளி பதறிப்போய் போன் செய்தார். "என்னங்கம்மா, முன்னாடி ரெண்டு ஊசிதான் ஒடைஞ்சுது, இப்ப முப்பத்தெட்டு ஒடைஞ்சிருக்குது. நீங்க வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் மோசமாயிருச்சே?"

அவருக்கு ஏமி எட்மண்ட்சன் கதையைச் சொன்னேன். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காரர். நன்றாக நடக்கிற மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து 1990-களில் ஆராய்ந்தார். வந்த கணக்கு நேர்மாறாக இருந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது, அந்தக் குழுக்கள் தவறைப் பயமில்லாமல் வெளியே சொல்லியிருக்கின்றன. மற்றவர்கள் மறைத்திருக்கிறார்கள்.

முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப முன்னாடியும் இதே அளவுதான் ஒடைஞ்சுட்டு இருந்திருக்குமுங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

அடுத்த முறை போனபோது பதிவேட்டைப் புரட்டினேன். அட்டை கசங்கி, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. நடுவில் ஒரு பக்கத்தில் ஓவர்லாக் மெஷின் எண், காலை 11.40, மூன்று துண்டுகளும் வரிசையாகப் பொருத்தி ஒரு முழு ஊசியாக டேப்புக்கு அடியில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் அந்த அக்காவின் கையெழுத்து.