சத்தமில்லாமல் சாகும் வெள்ளையணுக்கள்

"சிறுநீரகம் மாற்றிய என் அண்ணனுக்கு, ரத்தத்தை வெளியே எடுத்து வெளிச்சம் காட்டித் திரும்ப ஏற்றலாம் என்கிறார்கள். லேசரில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று விளம்பரம் போடுகிறார்களே, அந்த வகையறாவா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சந்தேகம் நியாயமானது. ஆனால் இது வேறு.

பெயர் போட்டோபெரிசிஸ். டி செல் என்பது கிருமியோடு சண்டை போடும் ஒருவகை வெள்ளையணு. தோலில் வரும் ஒருவகை டி செல் புற்றுநோய்க்காக யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எடெல்சன் குழு 1987-இல் வெளியிட்ட முறை. இயந்திரம் ரத்தத்தைச் சுழற்றி வெள்ளையணுக்களைப் பிரிக்கும். அவற்றில் மெத்தாக்சிசோராலென் மருந்தைக் கலந்து புற ஊதா ஏ கதிர் காட்டுவார்கள். (வெண்புள்ளிக்குச் சித்த மருத்துவம் தரும் கார்போகரிசியில் இருக்கும் சோராலென் இதற்குப் பங்காளி.) டிஎன்ஏ ஏணியின் படிகளுக்கு நடுவே போய் உட்காரும் மருந்து, கதிர் பட்டதும் இரு பக்கத்தையும் சேர்த்துப் பூட்டிவிடும். அப்படிப் பூட்டுப்பட்ட செல்களை நோயாளிக்கே திரும்ப ஏற்றிவிடுவார்கள்.

இங்கேதான் வேடிக்கை. ஒரு தடவையில் கதிர் படுவது உடலில் உள்ள லிம்போசைட்டுகளில் (டி செல்லும் சேர்ந்த வெள்ளையணு வகை) சிறு பங்குக்குத்தான். அந்தச் சிலதைக் கொன்று என்ன ஆகப்போகிறது?

விஷயம் அவை சாகும் விதத்தில் இருக்கிறது. செல் வெடித்துச் செத்தால் உள்ளே இருப்பதெல்லாம் சிதறி ஊரைக் கூட்டிவிடும், வீக்கம் வரும். இவையோ ஓரிரு நாளில் தாமாகவே சுருங்குகின்றன. சவ்வின் உள்பக்கம் ஒளிந்திருந்த பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் திரும்புகிறது. 'என்னை எடுத்துப் போ' என்பதற்கு அதுதான் அடையாளம். அப்படிச் செத்ததை விழுங்கிய டெண்ட்ரிட்டிக் செல் (பிடித்ததை டி செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் காவல் செல்), டி செல்களைச் சண்டைக்குக் கூப்பிடுவதில்லை. ஐஎல்-10 போன்ற அமைதிச் செய்திகளை அனுப்புகிறது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருகி, புதுச் சிறுநீரகத்தின் மேல் பாய்கிறவர்களை அதட்டி உட்காரவைக்கின்றன என்பதே இன்றைய விளக்கம்.

மாற்று உறுப்பை உடல் எதிர்த்துத் தாக்காமல் இருக்க (அதுதான் நிராகரிப்பு) வழக்கமாகத் தரும் டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் மொத்தக் காவலையும் தளர்த்துவதால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். போட்டோபெரிசிஸில் அந்தத் தொல்லை குறைவு. அதனால்தான் மருந்துக்கு மசியாத நிராகரிப்பு வரும்போது மருத்துவர்கள் இந்தப் பக்கம் பார்க்கிறார்கள்.

இதய மாற்றில் 60 பேரை வைத்து நடந்த ஒப்பீட்டு ஆய்வு 1998-இல் நல்ல பலன் காட்டியது. சிறுநீரகத்தில் கையில் இருப்பவை பெரும்பாலும் சில நோயாளிகளின் அனுபவத்தைச் சொல்லும் சிறு சிறு தொகுப்புகளே. மருந்தோ பழசு, நோயாளிகளோ கொஞ்சம். எந்தக் கம்பெனி பணம் போடும்? அரசு போட வேண்டும் என்பது என் கட்சி.

அண்ணனிடம் சொல்லுங்கள்: மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஏற்றிய பிறகு ஒரு நாள் முழுக்க வெயில் படாமல் இருக்கணும், கறுப்புக் கண்ணாடியும் போடணும். மிச்ச மருந்து தோலிலும் கண்ணிலும் அதே வேலையைக் காட்டும்.